விற்பவனின் மௌனம்

பழைய மோட்டார் வண்டியொன்றை விற்பவன் அதன் கோளாறுகளை வாங்க வருபவனிடம் கூறக் கடமைப்பட்டவனா? கேட்டதற்குப் பொய் கூறுவது தவறு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், கேளாத ஒன்றைச் சொல்லாமல் விடுவது? இஃது ஒரு சில்லறைக் கேள்வி என ஒதுக்கிவிடுவோர் உளர். ஒருமுறையேனும் பழைய வண்டி வாங்கியவர்கள் அவ்வாறு ஒதுக்கமாட்டார்கள்.

மறைப்பதும் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. தேய்ந்துபோன எஞ்சின் புகை கக்காதிருக்கத் தடித்த எண்ணெயை ஊற்றுவார்கள். பற்சில்லுகளின் ஓலத்தை அடக்கக் கியர்ப்பெட்டிக்குள் மரத்தூளைக் கலப்பது பழையதொரு வித்தை. துருவேறிய தகட்டின்மேல் பட்டி பூசிப் புதுவர்ணம் அடிப்பார்கள். ஓடிய தூரத்தைக் காட்டும் மானியைப் பின்னோக்கித் திருப்புவார்கள்; முன்னர் இதற்குக் கைத்திறன் வேண்டியிருந்தது, இன்றோ ஒரு சிறு கருவி போதும். யப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார்களில் பற்றறி சோர்ந்துவிட்டதை அறிவிக்கும் எச்சரிக்கை விளக்கைக் கருவியால் அணைத்துவிட்டால், அது மீண்டும் எரியச் சில நாட்கள் செல்லலாம். விற்பவனுக்கு வேண்டியதும் அச்சில நாட்களே.

இவற்றில் எதிலும் அவன் வாயாற் பொய் சொல்லவில்லை. “வடிவாப் பாருங்கோ, ஓட்டிப் பாருங்கோ” என்றுதான் கூறுகிறான். ஆயினும் மரத்தூள் ஒரு பொய். பட்டியும் ஒரு பொய். கையாற் சொன்ன பொய்க்கும் வாயாற் சொன்ன பொய்க்கும் வேறுபாடு காண வேண்டியதில்லை. கடினமான கேள்வி இதற்கு அப்பால் உள்ளது. எதையும் பூசாமலும் எதையும் திருப்பாமலும், தான் அறிந்ததைச் சொல்லாது நிற்பவனை என்னென்பது?

இது புதிய கேள்வியன்று. கி.மு. 44 இல் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இவ்வழக்கு விரிவாக வருகிறது. வீடொன்றை விற்பவனுக்கு அதன் மரங்கள் உளுத்திருப்பது தெரியும்; வேறெவருக்கும் தெரியாது. ஸ்தோயிக்க ஞானிகளுள் டயோஜினீஸ் விற்பவனின் பக்கம் நிற்கிறார்: அவன் எவரையும் வாங்கும்படி வற்புறுத்தவில்லை, தன் பொருளின் குறையைத் தானே பறைசாற்றும் விற்பனையாளன் எங்குளன் என்று கேட்கிறார். வழி தவறியவனுக்கு வழிகாட்ட மறுப்பதைவிட இது கொடியது என்கிறார் அவரது மாணவரான அன்ரிபேற்றர். சிசரோவின் தீர்ப்பு மாணவரின் பக்கமே சாய்ந்தது. பேசாதிருப்பதெல்லாம் மறைப்பதாகாது, ஆனால் மற்றவன் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றை, நம் இலாபத்துக்காக அவன் அறியக்கூடாதென விரும்புவது மறைப்பே என்றார் அவர். என் அறிவுக்கு எட்டியவரை இவ்வரையறையில் குறையில்லை.

ஆனால் உரோமாபுரியை வியந்துகொண்டே இருக்க முடியாது. அங்கே சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகளின் ஆணை, அடிமைகளை விற்போர் அவர்களது நோயையும் குறையையும் வெளிப்படையாகக் கூறவேண்டும் என விதித்தது. வாங்குபவனைக் காத்த அச்சட்டத்தில், நோயுற்ற மனிதன் வெறும் பண்டம். எவ்வளவு நேர்மையான சந்தையாக இருப்பினும், அதில் விற்கப்படுவது எது என்ற கேள்வியை அந்த நேர்மை கேட்பதில்லை.

நமது கேள்விக்குத் திரும்புவோம். விற்பவர்களுக்கு ஒழுக்கம் போதித்தால் போதாதா? போதாது என்பதை 1970 இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் விளக்கினார். மூன்று சஞ்சிகைகள் அதனைத் திருப்பி அனுப்பியிருந்தன. பின்னர், 2001 இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார்ச் சந்தையே. நல்ல வண்டியின் பெறுமதி முப்பது இலட்சம், பழுதானதன் பெறுமதி இருபது இலட்சம் என்று கொள்வோம். எது நல்லது, எது பழுது என்று அறிய முடியாதவன் இருபத்தைந்துதான் கொடுக்க முன்வருவான். முப்பது பெறுமதியுள்ளதை அவ்விலைக்கு விற்க விரும்பாதவன் சந்தையிலிருந்து விலகுகிறான். எஞ்சி நிற்பவற்றில் பழுதானவையே மிகுதி. விலை மேலும் இறங்குகிறது. ஆகவே, மறைக்க இடமுள்ள சந்தை நேர்மையானவனைத் தண்டித்து வெளியேற்றுகிறது. அக்கர்லொவ் மார்க்சியவாதி அல்லர். ஆனாலும் தனிமனிதனின் குணக்கேடு என்று நாம் கருதிய ஒன்றை அவர் உறவுகளின் விளைவாகக் காட்டிவிட்டார்.

அப்படியாயின் அவ்வுறவுகளை மாற்றலாமல்லவா? முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1981 இல் மத்திய வர்த்தக ஆணைக்குழு ஒரு விதியை வகுத்தது. பழைய கார் வியாபாரி தான் அறிந்த பெருங்கோளாறுகளை எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பதே அதன் சாரம். தேடிக் கண்டுபிடிக்கும்படி அவனை எவரும் கேட்கவில்லை. தெரிந்ததைச் சொல் என்றார்கள், அவ்வளவே. வியாபாரிகளின் சங்கம் கொதித்தெழுந்தது. தேர்தல் நிதிகளும் தாராளமாகப் பாய்ந்தன. 1982 மே மாதத்தில் கொங்கிரசின் இரு சபைகளும் பெரும் பெரும்பான்மையுடன் அவ்விதியை நிராகரித்தன. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்நிராகரிப்பு முறையே செல்லாதென்றது. ஆனால் 1984 இல் ஆணைக்குழு மீண்டும் வெளியிட்ட விதியில், அறிந்த கோளாற்றைக் கூறவேண்டும் என்ற வாசகத்தைக் காணோம்! உத்தரவாதம் உண்டா, இல்லையா என்று கூறும் அறிவித்தல் ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டினால் போதும் என்றாயிற்று. டயோஜினீஸ் வென்றுவிட்டார்.

நமது நாட்டில் 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறிச் சுற்றின. விலையோ வானளாவியது. ஆண்டுதோறும் புகையைப் பரிசோதிக்கிறோம். புகை நன்றாயிருந்தால், பிறேக்கும் அடிச்சட்டமும் நன்றாயிருப்பதாக ஆகிவிடுமா? விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் கட்டுப்படாத ஒருவர் பரிசோதித்து எழுத்தில் தரவேண்டும். அறிந்த கோளாற்றை மறைத்தவன் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். இவற்றைக் கோருவதற்குப் புரட்சி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உளுத்த வீட்டினால் வருந்துபவன் அதனை வாங்கியவனே. பிறேக் பழுதான வானினாலோ, அவ்விற்பனையைப் பற்றி எதுவுமறியாப் பள்ளிப்பிள்ளைகளும் வருந்தலாம்.

இவ்வளவும் எழுதிய எனக்கு விடை தெரியாத ஓர் இடம் உண்டு. என் நண்பரான ஆசிரியர் ஒருவர் 2022 இல் கடன்பட்டு ஒரு கார் வாங்கினார். விபத்தில் நொறுங்கிய முன்பகுதியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்பதை ஒரு மாதத்தின் பின் கராச்காரர் காட்டிக்கொடுத்தார். விற்றவர் கைவிரித்துவிட்டார். இப்பொழுது அதனை விற்றுவிட நண்பர் விரும்புகிறார். “மாஸ்டர், நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்ளுறன்” என்கிறார் தரகர்.

சொல்லித்தான் விற்கவேண்டும் என்றேன் நான். ஏமாற்றப்பட்டவன் என்பதால் ஏமாற்றும் உரிமை ஒருவனுக்கு வந்துவிடாது என்றும் விளக்கினேன். நண்பர் பொறுமையாகக் கேட்டார்.

“சொன்னால் நாலு இலட்சம் குறையும். லீசிங்காரனுக்கு இன்னும் ஆறு இலட்சம் கட்ட இருக்கு. அந்த நாலையும் நீர் தருவீரோ?”

என்னிடம் நாலு இலட்சம் இல்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேனோ தெரியாது. பிறருடைய செலவில் நேர்மையை உபதேசிப்பது எத்துணை எளிது என்பதை அன்று உணர்ந்தேன். ஆயினும் அந்த ஒட்டு, இனி வாங்கப்போகும் யாரோ ஒருவரின் காலடியில்தான் இருக்கப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க ஒரு குடும்பம் வருகிறதாம். அவர்கள் வரும்போது நானும் பக்கத்தில் நிற்பதாக நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை.