பார்த்தவர்கள் சொன்னது

மேடை நடிப்பு கையில் எதையும் மிச்சம் வைப்பதில்லை. லாரெட் டெய்லரை நினைக்கும்போதெல்லாம் இதுதான் எனக்கு உறுத்துகிறது. டென்னசி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி' நாடகத்தில் அமாண்டா என்ற தாயாக அவர் நடித்ததை அமெரிக்க நாடக உலகம் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறது. நாம் பார்க்க அந்த நடிப்பின் படச்சுருள் இல்லை. பார்த்தவர்களின் பாராட்டு மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் அவரிடம் போக வேண்டியிருக்கிறது.

*

1944 டிசம்பர் 26, சிகாகோ சிவிக் தியேட்டர். கடும் குளிர். நாடகம் எழுதியவர் பெயர் அப்போது யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. லாரெட்டின் பெயர் தெரியும், ஆனால் பழைய பெயராக. 1912இல் 'பெக் ஓ மை ஹார்ட்' நாடகம் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. அதை எழுதிய கணவர் 1928இல் இறந்த பிறகு குடி அவரைப் பிடித்துக்கொண்டது. மேடையில் அவரைக் காண்பதே அபூர்வமாயிற்று. இந்த நாடகத்தின் ஒத்திகையிலும் வசனத்தை வாய்க்குள் முணுமுணுத்தபடி, மற்ற நடிகர்களையே கவனித்துக்கொண்டிருந்தாராம். கூட இருந்தவர்கள் பயந்துபோனார்கள்.

அரங்கேற்றத்துக்கு மறுநாள் 'சிகாகோ ட்ரிப்யூன்' இதழில் விமர்சகர் கிளாடியா காசிடி மனம் நிறைந்து எழுதினார். அப்படியும் கூட்டம் வரவில்லை. நாடகத்தை நிறுத்திவிடலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போயிற்று.

இதன் பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஒரு நாடகத்தைப் பாராட்டி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது விமர்சகர்களின் வழக்கம். காசிடி போகவில்லை. இன்னொரு பத்திரிகையின் மூத்த விமர்சகர் ஆஷ்டன் ஸ்டீவன்ஸும் போகவில்லை. இருவரும் திரும்பத் திரும்ப அதே அரங்குக்குப் போய்ப் பார்த்தார்கள், திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஜனவரியில் டிக்கெட் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. 1945 மார்ச் 31 அன்று நாடகம் நியூயார்க்குக்கு வந்தது. பாராட்டு என்பது தீர்ப்பு சொல்வது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அந்தக் குளிர்காலத்தில் அது ஒரு நாடகத்தின் பக்கத்திலேயே நின்று அதைக் காவல் காத்தது.

*

அமாண்டா தொலைபேசியில் பத்திரிகைச் சந்தா பிடிக்கும் கட்டம். பிரதியில் மிகச் சிறியது. எதிர்முனையில் இருக்கும் பெண்ணின் சைனஸ் தொந்தரவை முதலில் விசாரிக்கிறாள், உருகிப் பேசுகிறாள், பிறகு மெல்ல, சந்தா முடியப்போகிறது என்கிறாள், புதிதாக வரும் தொடர்கதையைப் புகழ்கிறாள். அந்தப் பக்கம் இணைப்பு அறுந்துபோகிறது. மகளைக் கரையேற்ற நாலு காசு சேர்க்க வேண்டிய அம்மாவின் பதைப்பு, அவள் வசனத்தில் ஓரிடத்திலும் இல்லை. விசாரிக்கும் அந்தக் குரலின் இனிப்புக்கு அடியில் நடிகைதான் அதைக் கொண்டுவர வேண்டும். இதைச் சிரிப்புக் கட்டமாக்கிவிடுவது சுலபம். அழுகைக் கட்டமாக்குவது அதைவிடச் சுலபம். இரண்டிலும் அமாண்டா தொலைந்துபோவாள்.

அந்தத் தாய்க்கு மூலம் வில்லியம்ஸின் சொந்தத் தாய் எட்வினா. சிகாகோவில் நாடகம் பார்த்துவிட்டு உள்ளே வந்தவரிடம், உங்களை நீங்களே பார்த்தது பிடித்திருந்ததா என்று லாரெட் நேருக்கு நேராகக் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியின் துணிச்சலில் அவர் நடிப்பின் குணம் கொஞ்சம் தெரிகிறது.

*

விமர்சகர் ஸ்டார்க் யங், லாரெட்டின் உத்திகள் கனிவுக்கும் நகைச்சுவைக்கும் அடியில் மறைந்துபோய்விடுவதால் அலசிச் சொல்ல வழியில்லை என்ற பொருளில் எழுதினார். தேர்ந்த விமர்சகர் ஒருவர் தம் கைக்கு எட்டாத இடத்தை ஒப்புக்கொள்வதை நான் பெரிதாக மதிக்கிறேன். 'அபாரம்', 'அற்புதம்' என்று முடித்திருக்கலாம். அப்படி முடித்திருந்தால் எண்பது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இளவயதில் லாரெட்டைப் பார்த்த நடிகர்கள் சிலர், 2003இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் முதுமையில் பேசுகிறார்கள். தெருவிலிருந்து யாரோ ஒரு பெண் வழிதவறி மேடைக்குள் வந்துவிட்டாள் என்று தோன்றியதாம். திரைப்பட வாய்ப்புக்காக 1938இல் அவரை வைத்து எடுத்த சில நிமிடச் சோதனைக் காட்சியும் அந்தப் படத்தில் உண்டு. அதில் அவர் பேசுவதைவிடக் கேட்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளியின் சொல் வந்து சேர்ந்த பிறகே முகம் அசைகிறது. அதற்கு முன் தயாராக எதுவும் இல்லை.

1914இலேயே ஒரு கட்டுரையில், நடிகைக்கு அழகையும் வசீகரத்தையும்விடக் கற்பனைதான் முக்கியம் என்று அவர் எழுதியிருந்தார். சிகாகோ ஒத்திகையில் வாய்க்குள் முணுமுணுத்தபடி மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் கற்பனையின் வேலைதான் நடந்துகொண்டிருந்தது என்று நம்புகிறேன். 1946 டிசம்பரில் அவர் இறந்துபோனார். அமாண்டாதான் அவருடைய கடைசி வேடம்.