கையால் மறைத்த தீபம்

மைசூரு ஜகன்மோகன் அரண்மனையின் ஓவியக் கூடத்தில் ஒரு படத்தின் முன் பலரும் நெடுநேரம் நின்றிருக்கின்றனர். விளக்கேந்தித் தனியே நிற்கிறாள் ஒரு பெண். சுடரை மறுகையால் மறைத்திருக்கிறாள். விரல்களில் ஊடுருவும் செவ்வொளியும் முகத்தில் படரும் ஒளியுமே நமக்குத் தெரிகின்றன.

‘ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியம்’ என்று இதைச் சொல்வோர் உண்டு. இரண்டுமே பிழை. ரவிவர்மா 1906-இல் மறைந்தார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 1945-46-இல் இதை வரைந்தவர் சாவந்த்வாடியில் பிறந்த எஸ்.எல். ஹல்தங்கர். விளக்கேந்தி நின்றவர் அவருடைய மகள் கீதா. ஓவியமோ நீர்வண்ணம். எண்ணெய் வண்ணத்தில் ஒளியை இறுதியில் வெண்மை பூசியும் கொணரலாம். நீர்வண்ணத்தில் பொதுவாகத் தாளின் வெண்மையையே தொடக்கம் முதல் தீண்டாமல் காக்க வேண்டும். அங்கே ஒளி பூசப்படுவதில்லை, விட்டுவைக்கப்படுகிறது. எத்தகைய பொறுமை வேண்டும்!

பெயர் மாறியதால் ஓவியருக்கு என்ன குறைவு? பலன் கருதாப் பணி என்னும் கீதை நெறியைக் காட்டி, ‘ஒன்றுமில்லை’ என்போம். நானும் அவ்வாறே எண்ணியதுண்டு. படத்தைக் கண்டு உருகியவரின் உருக்கம் பொய்யாகிவிடாது என்பதும் மெய்யே. எனினும், பலனைத் துறக்கும் உரிமை உழைத்தவருக்கு அன்றோ உரியது? அவர் சார்பில் அதைத் துறந்துவிட நாம் யார்?

கீதா 2018-இல், தம் 102-ஆம் வயதில் மறைந்தார். தந்தையின் படைப்பை உலகம் வேறொருவருடையது என்று சொல்லக் கேட்டிருக்கக்கூடிய அந்த மகளிடம், இதே நெறியை நாம் எடுத்துச் சொல்லியிருப்போமா?