அந்தக் கட்டத்தை நிரப்பு, தம்பி!

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மடியில் ஒரு விண்ணப்பத் தாள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கட்டடத்துக்குக் காவலாளி வேலை. பெயர் எழுதினான், முகவரி எழுதினான், பத்தாம் வகுப்பு என்று எழுதினான். ‘தெரிந்த வேலை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

“என்னண்ணா எழுதறது? எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. கடலுக்குப் போவேன், அவ்ளோதான்.”

அவ்வளவுதான்! அந்தச் சொல் என்னைச் சுட்டது. “நேத்து எங்கே மீன் பிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“பாருக்கு மேலண்ணா.” பார் என்றால் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டு. மீன் கூடும் இடம்.

“சுத்திலும் தண்ணி. அடியில இருக்கிற பாறை எங்கே இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

தம்பி சிரித்தான். தாளை ஓரமாக வைத்தான். தன் டீ கிளாசை முன்னால் நகர்த்தினான், என் கிளாசை அதற்குப் பின்னால் வைத்தான். “இது கடற்கரைக் கோயில். பின்னாடி இது மலைமேல இருக்கிற கலங்கரை விளக்கம். கோயிலுக்கு நேர் கிழக்கே போனா ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்கும். படகு தெக்கே நகர்ந்தா விளக்கம் கோயிலுக்கு இடப்பக்கமா வெளியே வரும். எவ்ளோ வெளியே வரணும்னு ஒரு கணக்கு இருக்கு. அதே மாதிரி தெக்கால இன்னொரு ஜோடி அடையாளம். ரெண்டும் கூடி வர்ற எடத்துல நங்கூரம் போட்டுடுவோம்.”

“சரியான இடம்தானான்னு எப்படித் தெரியும்?”

“ஈயத்தை விட்டுப் பாப்போம்ணா. அடியில மணலா இருந்தா மெத்துன்னு உக்காரும். கல்லா இருந்தா விரல்ல டொக்குன்னு தட்டும்.” சொல்லும்போதே ஆள்காட்டி விரலை நீட்டிக் காண்பித்தான். தூண்டில் நரம்பு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல். தெற்கிலிருந்து ஓடிவரும் நீரோட்டம் தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி என்றான். எந்த ஓட்டத்தில் இரை எந்தப் பக்கம் சாயும் என்றான். கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினான்.

தம்பி, இதையா ‘ஒன்றும் தெரியாது’ என்கிறாய்? நில அளவையர் கருவி வைத்து நாற்பது பக்கம் படித்துச் செய்கிற வேலையை நீ இரண்டு டீ கிளாசை வைத்துச் சொல்லிவிட்டாய். உன் விரல் நுனி கடலின் தரையைத் தொட்டுப் பார்க்கிறது. உன்னிடம் இருப்பது ஒரு கல்வி. அதற்குச் சான்றிதழ் தரத்தான் யாரும் வரவில்லை. வரவில்லை என்பதற்காக அது கல்வி இல்லாமல் போய்விடுமா?

இந்தக் கல்விக்கு உலகம் காசு கொடுக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவே, மலைகள் சூழ, டாஹோ என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம், அதிகபட்ச ஆழம் ஏறத்தாழ 500 மீட்டர். அங்கே தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிற வெளியூர்க்காரர்கள் வழிகாட்டியை முன்கூட்டியே பதிவு செய்துகொள்கிறார்கள். படகு, தூண்டில், இரை எல்லாம் அவர் பொறுப்பு. இன்றைய காற்றுக்கு மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்று சொல்வதும் அவர்தான். வருகிறவர்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லுக்கு. அந்த வழிகாட்டிக்கு அவருடைய ஏரி எப்படியோ, உனக்கு உன் கடல் அப்படி.

அவ்வளவு தூரம் ஏன்? நம் காவிரிக்கு வா. கர்நாடகத்தில் பீமேசுவரி, கலிபோரே என்று ஆற்றங்கரை முகாம்கள் இருந்தன. மஹசீர் என்னும் பெரிய ஆற்று மீனைத் தூண்டிலில் பிடித்துப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்துக்கொண்டிருந்த கிராமத்து ஆட்கள் சிலரே அங்கே வழிகாட்டிகள் ஆனார்கள். பிடித்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, ஆற்றிலேயே திரும்ப விட்டார்கள். வனவிலங்குச் சட்டத்தின் காரணமாக அந்தத் தூண்டில் முகாம்கள் பின்னாளில் நின்றுபோயின. ஆனால் ஒன்றை அவர்கள் நிரூபித்துவிட்டார்கள். ஆற்றைத் திருடத் தெரிந்த அறிவே ஆற்றைக் காக்கவும் சோறு போடவும் போதும்.

ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்று ஒரு மீன். அதைத் தூண்டிலில் பிடிப்பதற்காகவே விமானம் ஏறிப் போகிறார்கள். அது வேறெதுவும் இல்லை, நம் கழிமுகத்துக் கொடுவா! முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு நிலையம் இருக்கிறது. அந்த நிறுவனம் 1997ஆம் ஆண்டிலேயே கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துச் சாதித்தது. ஊர் ஊராகத் தேடிப் போகிற மீன் உன் வாசலில் நீந்துகிறது. ரயிலில் வருகிறவர்கள் செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரியையும் அதன் பின்னால் எழும் குன்றுகளையும் பார்த்து ஜன்னலோரம் எழுந்து நிற்கிறார்கள். தண்ணீரைப் பார்த்து நெஞ்சு நிறைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீருக்குள் கைபிடித்து அழைத்துப் போகத் தெரிந்தவன் நீ.

“இதெல்லாம் பேச நல்லா இருக்கும், நடக்குமா?” என்கிறாயா? கோவளத்துக்குப் போய்ப் பார். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தான் கற்ற அலைச்சறுக்கை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்தார். 2012இல் அது பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. குடியும் கூடாது, புகையும் கூடாது என்பது அங்கே பிள்ளைகளுக்கு வைத்த நிபந்தனை. 2021இல் கோவளம் கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றது. உன் மாமல்லபுரத்துச் சிறுமி கமலி சறுக்குப் பலகையில் ஏறி நின்றாள். அவளையும் அவள் தாயையும் பற்றிய ‘கமலி’ குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வரை போனது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது. அலையை வேறு ஊரிலிருந்து யாரும் கொண்டுவந்து இறக்கவில்லை. பல்லவர் காலத்திலும் அதே அலைதான் அடித்தது. அதைப் பார்க்கிற கண் மாறியது, ஊர் மாறியது!

இப்போது கவனமாகக் கேள். தன்னம்பிக்கை என்றால் கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று நூறு தரம் சொல்வது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உன் நைனாவைக் கேள். முந்தின நாள் சாயங்காலமே வலையைப் பார்த்து, டீசல் ஊற்றி, ஐஸ் சொல்லி, மேகத்தைப் பார்த்துவிட்டுப் படுப்பாரே, அந்த மனுஷன் முகத்தில் இருக்கிற அமைதிக்குத்தான் தன்னம்பிக்கை என்று பெயர். ராத்திரியே முடித்துவைத்த ஏற்பாடுதான் விடிந்ததும் துணிச்சலாக எழுந்து நிற்கிறது. ஏற்பாடு இல்லாத துணிச்சலைக் கடல் ஒரே அலையில் கவிழ்த்துவிடும்.

ஆகவே விருந்தாளிகளைக் கடலுக்கு அழைத்துப் போகும் தொழிலை நீ தொடங்குவதென்றால், முதல் ஏற்பாடு அனுமதி. மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு வேறு, ஆட்களை ஏற்றிப் போக அனுமதி பெற்ற படகு வேறு. மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போ. கடலோரக் காவல் நிலையத்துக்குப் போ. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்களிடம் சொல். என்னென்ன தாள் வேண்டும் என்று நேராகக் கேள். ஒரு தரம் திருப்பி அனுப்பினால் இரண்டாம் தரம் போ. வெட்கப்படாதே! திருட்டுத்தனமாக நாலு பேரை ஏற்றிப்போய் நடுங்கிக்கொண்டே சம்பாதிப்பதைவிட, தாளோடு நிமிர்ந்து நின்று பாதி சம்பாதிப்பது மேல்.

இரண்டாவது, பருவம். தை பிறந்து கடல் அடங்கும் நாட்கள் உனக்குத் தோதானவை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் கடலோடு விளையாடாதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விட்டுவைக்கிற காலம் அது. அந்த நாட்களில் நீ நாலு வாக்கியம் ஆங்கிலம் கற்றுக்கொள், நாலு வாக்கியம் இந்தி கற்றுக்கொள், முதலுதவி பழகு, இன்ஜினைப் பிரித்துப் பூட்டப் பழகு. சும்மா போன 61 நாளுக்கும் கற்றுக்கொண்ட 61 நாளுக்கும் உள்ள வித்தியாசம் அடுத்த வருஷம் உன் சம்பாத்தியத்தில் தெரியும்.

மூன்றாவது, உயிர். படகில் எத்தனை பேரோ அத்தனை உயிர்காப்பு அங்கி. ஒன்று குறைந்தாலும் படகு கிளம்பக் கூடாது. உயரம், எடை பார்த்து நீயே மாட்டிவிடு, பட்டையை நீயே இழுத்துப் பார். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலையின் உயரத்தையும் காற்றையும் முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி அதை உன் கைபேசிக்கே கொண்டுவருகிறது. செயலியையும் பார், நைனாவின் கண்ணையும் நம்பு. இரண்டில் ஒன்று வேண்டாம் என்றாலும் போகாதே. கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இந்த இரண்டு எண்களையும் படகின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவை.

காசு வாங்கியாகிவிட்டது, சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கிவிட்டார்கள், கடல் மட்டும் சரியில்லை. என்ன செய்வாய்? “இன்னைக்கு வேணாம் சார், காசைத் திருப்பித் தர்றேன்” என்று சொல். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் இந்த மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தானே கரையேறியது? அன்று கடலுக்குப் போகாதவனைக் கோழை என்று எவனாவது சொன்னானா? ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவன் கையில்தான் ஜனங்கள் தங்கள் குழந்தையைக் கொடுப்பார்கள்.

நான்காவது, விருந்தாளியின் மனசு. அவருக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. அலை எழும்பினால் குமட்டும். ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டாம் என்று முந்தின நாளே போன் போட்டுச் சொல். தலை சுற்றினால் தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல். மீன் கடிக்காமல் ஒரு மணி நேரம் போனாலும் பேசு. பாரைக் காட்டும் கணக்கைச் சொல்லு, கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது என்று சொல்லு. சங்கரா ஒன்று மாட்டினால் அந்த மனுஷன் சின்னப் பையனாகிவிடுவார்! குஞ்சு மீனாக இருந்தால் அவர் கையாலேயே திரும்ப விடச் சொல். ஆமை, அம்மணி உழுவை என்னும் திமிங்கிலச் சுறா, கடல் குதிரை எல்லாம் சட்டம் காக்கும் உயிர்கள். அவற்றின் பக்கம் நிழலும் படக் கூடாது. பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிற மணலில்தான் நீ படகை இழுத்து வைக்கிறாய், நினைவிருக்கட்டும்.

கரை திரும்பியதும் அம்மாவின் கைமணம் காத்திருக்கட்டும். கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போய், பேரம் பேசி, கடன் சொன்னவரையும் நினைவில் வைத்து வீட்டைக் காப்பாற்றியவள் அவள். வாடிக்கையாளரைப் பற்றி எந்தக் கல்லூரியும் உனக்குக் கற்றுத்தராததை அவள் ஒரு மத்தியானத்தில் சொல்லித் தருவாள். கணக்கு நோட்டை அவளிடம் கொடு. தங்கை படித்திருந்தால் முன்பதிவை அவளிடம் கொடு.

உன் சட்டையில் மீன் வாசனை வருகிறதென்று பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தவர்கள் இருக்கலாம். இருக்கட்டும்! அதே வாசனையைத் தேடித்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை நிறையக் கார் வருகிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் உன் குப்பத்துக்குள் புகுந்து வாரிக்கொண்டு போனது. போன படகுக்குப் பதில் வேறு படகு வாங்கி, அதே கடலில், அதே அலைமேல் ஏறியவர் உன் நைனா. அந்த ரத்தம்தானே உன் உடம்பில் ஓடுகிறது? ஒரு விண்ணப்பத் தாளின் இரண்டு அங்குலக் கட்டத்துக்கு முன்னால் நீ தலைகுனியலாமா?

காவலாளி வேலை இழிவில்லை, தம்பி. உழைத்துச் சாப்பிடும் எந்த வேலையும் இழிவில்லை. ஆனால் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று எண்ணிக்கொண்டு எந்த வேலைக்கும் போகாதே. அந்த எண்ணத்தோடு அரண்மனைக்குள் போனாலும் அடிமையாகத்தான் நிற்பாய்.

அன்று அந்தத் தம்பி டீயைக் குடித்து முடித்தான். தாளை மடியில் எடுத்து வைத்தான். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். பிறகு அந்தக் கட்டத்தில் அழுத்தி எழுதினான்: ‘கடல் தொழில், 6 வருடம்.’

இதைப் படிக்கிற நீ கடலோரத்தில் இருக்கலாம், களத்துமேட்டில் இருக்கலாம், பட்டறையில் இருக்கலாம். உன் வாழ்க்கையிலும் அப்படி ஒரு கட்டம் வெறுமையாகக் கிடக்கும். இன்று ராத்திரி படுக்கும் முன் ஒரு தாளை எடு. உனக்குத் தெரிந்த ஒரு வேலையை எழுது. அதன் கீழே, நாளைக்குச் செய்யவேண்டிய ஏற்பாடுகளில் முதல் மூன்றை எழுது. விடிந்ததும் முதலாவதைச் செய்!