கொடுப்பவர் மறைந்திருக்கும் கொடை

பெயர் அறியாத ஒருவர் விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருள் ஒன்றை இணையத்தில் இலவசமாகத் தருவதாக அறிவிக்கும்போது அதை நம்பலாமா என்னும் வினா, கணினிப் பாதுகாப்பைச் சார்ந்த நடைமுறைக் கேள்வியாகவே பெரும்பாலும் கருதப்பட்டாலும், நேரில் கண்டறிய இயலாத ஒன்றைப் பற்றிப் பிறர் சொல்லும் சொல்லை எப்போது அறிவாக ஏற்பது என்று இந்தியச் சமயங்கள் நெடுங்காலமாக வாதிட்டுவந்த சிக்கல் அதனுள் அடங்கியிருக்கிறது. மெய்யறிவைப் பெறும் வழிகளைத் தமிழ்ச் சமய நூல்கள் அளவை என்று அழைக்கின்றன. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை சந்திக்கும் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். பௌத்தத் தருக்கம் காட்சி, கருதல் என்னும் இரண்டே போதும் என்கிறது. சைவ சித்தாந்தமோ காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் நிலைகொள்கிறது. புலன்களால் நேரே அறிவது காட்சி. கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றை உய்த்தறிவது கருதல். நம்பத்தக்கவரின் சொல்லால் அறிவது உரை. முதல் இரண்டைப் பற்றி அவ்வளவு பூசல் இல்லை. மூன்றாவதை ஏற்பதா, ஏற்றால் யாருடைய சொல்லை ஏற்பது என்பதில்தான் சமயங்கள் பிரிந்து நின்றன.

இந்த வாதங்களுக்கும் புதுச்சேரி நகருக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1955இல் இங்கு நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகமங்களையும் அவற்றின் உரைகளையும் தாங்கிய ஏட்டுச் சுவடிகளைத் தென்னகமெங்கும் தேடிச் சேகரித்தது. புதுச்சேரியில் காக்கப்படும் சைவச் சுவடிகளின் இத்தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதே நகரின் தெருக்களில் திருமண அழைப்பிதழ், பேனர், கடற்கரையோர உணவகங்களுக்கான தமிழ், பிரெஞ்சு, ஆங்கில மெனு அட்டை ஆகியவற்றை வடிவமைத்து அச்சிடும் சிறு கடைகள் இருக்கின்றன. மாதந்தோறும் கட்டணம் கேட்கும் மென்பொருளுக்கும் அன்றாட வருமானத்துக்கும் இடையே இழுபடும் அத்தகைய கடைக்காரரின் திரையில் இலவச அறிவிப்பு ஒன்று தோன்றும்போது, அவர் எடுக்க வேண்டிய முடிவு ஏட்டுச் சுவடிகள் விவாதிக்கும் அதே முடிவுதான். சுவடி வாசிப்பவருக்கு அவகாசம் உண்டு, நாளை காலைக்குள் அழைப்பிதழ் தர வேண்டியவருக்கு அது இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

நியாய சூத்திரத்தை இயற்றிய கௌதமர், ஆப்தரின் அறிவுரையே உரையளவை என்று வரையறுக்கிறார். ஆப்தர் என்பவர் யார் என்பதை அதன் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார்: பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் உடையவராகவும் இருப்பவர் எவரோ அவரே ஆப்தர். முனிவர், ஆரியர், மிலேச்சர் ஆகிய அனைவருக்கும் இந்த இலக்கணம் பொதுவானது என்று அவர் சேர்த்துச் சொல்வது கவனிக்கத்தக்கது. குலமும் புகழும் ஒருவரை ஆப்தர் ஆக்குவதில்லை. பெரிய நிறுவனத்தின் முத்திரையும் அவ்வாறே, தன்னளவில் எதையும் உறுதிசெய்வதில்லை. அறிவு, உள்ளபடி சொல்லும் விருப்பம் ஆகிய இரண்டும் ஒருவரிடம் உண்டா என்று ஆராய்வதற்கு அவர் யார் என்பதாவது தெரிய வேண்டும். பெயரில்லாத அறிவிப்பு அந்த ஆராய்ச்சியைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுகிறது.

இந்த இடத்தில் மீமாம்சையர் எழுப்பக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. குமாரிலபட்டரின் மரபில், எந்த அறிவும் தோன்றும்போதே உண்மை எனக் கொள்ளப்பட வேண்டும், பின்னர் அதைப் பொய்ப்பிக்கும் காரணம் கிடைத்தால் மட்டுமே கைவிடப்பட வேண்டும். அறிவின் உண்மை அதற்குள்ளேயே இருக்கிறது என்னும் இக்கொள்கை சுவதப் பிராமாணியம் எனப்படும். மேலும், சொல்லில் நேரும் குற்றங்கள் சொல்பவரிடமிருந்தே வருவதால், எவராலும் இயற்றப்படாத வேதத்தில் குற்றத்துக்கு இடமே இல்லை என்பது அவர்கள் வாதம். அப்படியானால் ஆசிரியர் பெயர் இல்லாத மென்பொருளையும் குற்றம் காணும்வரை நம்பலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி சாதுரியமானது, ஆனால் நிற்காது. மீமாம்சையர் நம்புவது ஆசிரியர் இல்லாத சொல்லை. இணையத்தில் கிடைக்கும் கோப்புக்கு ஆசிரியர் இருக்கிறார், மறைந்திருக்கிறார். இல்லாதவரிடம் குற்றம் இருக்க முடியாது என்பது உண்மையானாலும், மறைந்திருப்பவருக்கு அந்த விலக்கு பொருந்தாது, ஏனெனில் மறைவதற்கே ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

நியாய மரபு இதற்கு எதிராக, அறிவின் உண்மை வெளியிலிருந்தே உறுதியாகும் என்கிறது. தொலைவில் தெரிவது தண்ணீரா கானலா என்ற ஐயம், சென்று பருகித் தாகம் தீரும்போது நீங்குகிறது. முயற்சி பலன் தருவதே அறிவின் மெய்ம்மைக்குச் சான்று என்பது அம்மரபின் புகழ்பெற்ற விடை. மென்பொருள் விஷயத்தில் இந்த விடை பிசகுகிறது. திருட்டு நிரல் கலந்த வடிவமைப்பு மென்பொருள் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். படம் வரையும், வண்ணம் பிரிக்கும், அச்சுக்கு அனுப்பும், பின்னணியில் கடவுச்சொற்களையும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். பலன் கிடைத்தது என்பதைக் கொண்டு பொருள் மெய்யானது என முடிவு செய்ய வழியில்லை. சோதிப்பதற்காக ஒருமுறை இயக்கிப் பார்ப்பதே தீங்கு நிகழப் போதுமானது. காட்சியும் கருதலும் கைவிடும் இந்த இடத்தில் உரையளவையை நாடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கொடையின் இயல்பும் இங்கே ஆராயத்தக்கது. வறியவருக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றவை எல்லாம் திரும்பப் பெறும் எதிர்பார்ப்போடு அளந்து கொடுப்பவை என்பது திருக்குறளின் கருத்து. 1925இல் வெளியான பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸின் கொடை பற்றிய கட்டுரையும், கைம்மாறு என்னும் கடப்பாடு இல்லாத கொடை சமூகங்களில் அரிது என்றே காட்டுகிறது. புதுச்சேரிக்கு இது புதிய செய்தி அல்ல. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது பிரெஞ்சு ஆட்சியாளருக்கும் உள்ளூராருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், யார் எதைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார், எந்தச் செய்தி யார் மூலம் வந்தது என்பவற்றை ஒரு கணக்கரின் கண்ணோடு பதிந்துவைத்தார். நசர் எனப்பட்ட அந்தக் காணிக்கைகளின் நோக்கம் இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. கைம்மாறு எதிர்பார்ப்பது கொடையின் குற்றம் என்று சொல்வதைவிட, எதிர்பார்ப்பு என்ன என்பதை மறைப்பதே குற்றம் என்று சொல்வது இவ்வுலகுக்குப் பொருத்தமாக இருக்கும்.

அண்மைக் கால நிகழ்வுகள் சில இதைத் தெளிவாக்கும். முப்பரிமாண வடிவமைப்புக்குரிய பிளெண்டர் மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபின், டோன் ரோசெண்டால் 2002இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ சேர்த்து, மூலநிரலை முதலீட்டாளர்களிடமிருந்து விடுவித்து, குனு பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். மூலநிரல் என்பது மனிதர் படிக்கக்கூடிய வடிவில் உள்ள கட்டளைகளின் தொகுதி. குனு பொது உரிமம் என்பது அதை எவரும் இயக்கவும், படித்து ஆராயவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் உரிமை அளித்து, பகிர்பவர் அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் அளிக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கும் ஆவணம். இங்கே கொடுத்தவர் யார், ஏன் இலவசம், செலவை ஏற்றவர்கள் யார் என்ற மூன்றுக்கும் விடை உண்டு.

2013 ஜனவரியில் நடந்தது இதைவிட நுட்பமானது. ஃபோட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் அடங்கிய சிஎஸ்2 என்னும் பழைய தொகுப்பின் உரிமத்தைச் சரிபார்க்கும் சேவையகத்தை நிறுத்திய அடோபி, அதை முன்பே விலைகொடுத்து வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்துவதற்காக நிறுவல் கோப்புகளையும் வரிசை எண்களையும் தன் தளத்தில் வைத்தது. ஃபோட்டோஷாப் இலவசமாகிவிட்டது என்ற செய்தி உலகெங்கும் பரவியது; வாங்கியவர்களுக்கு மட்டுமே உரியது என்று நிறுவனம் விளக்க வேண்டியதாயிற்று. கொடுத்தவர் மெய்யானவர், கோப்பும் மெய்யானது. ஆனால் கொடை என்ற ஒன்று நிகழவே இல்லை. ஐயத்தையும் திரிபையும் சித்தாந்த நூல்கள் வேறுபடுத்துவதன் பயன் இங்கே விளங்குகிறது: கட்டையோ மனிதனோ என ஊசலாடுவது ஐயம், இப்பியை வெள்ளி என்று துணிந்துவிடுவது திரிபு. சிஎஸ்2வை இறக்கியவர்களுக்கு ஐயமே எழவில்லை, ஏனெனில் தளத்தின் முகவரி சரியாக இருந்தது. ஐயம் எழாமை தெளிவுக்கு அடையாளம் ஆகாது.

ஜிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளுக்கு நேர்ந்தவை இதன் மறுபக்கம். 2015இல், அதன் விண்டோஸ் பதிப்பு முன்பு வைக்கப்பட்டிருந்த சோர்ஸ்ஃபோர்ஜ் தளம், மேம்பாட்டாளர்கள் விலகிச் சென்றபின் அந்தப் பக்கத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, நிறுவல் கோப்போடு விளம்பர நிரல்களைச் சேர்த்துக் கொடுத்தது கண்டனத்துக்கு உள்ளானது. 2022இல், கூகுள் தேடலில் ஜிம்ப்பின் உண்மையான முகவரியைக் காட்டிய விளம்பரம் ஒன்று, அழுத்தியவரை அதைப் போன்ற போலித் தளத்துக்கு இட்டுச் சென்றது. சில எம்பி அளவே இருந்த விடார் என்னும் திருட்டு நிரல், பெரிய நிறுவல் கோப்பு போலத் தோன்றும்படி வெற்றுத் தரவால் சுமார் 700 எம்பியாக ஊதப்பட்டிருந்தது. பொருள் நல்லது, கொடுத்தவர்களும் நல்லவர்கள். வந்த வழிதான் கெட்டது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்பவர்கள் பல படிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் களைவது இதே காரணத்தால்தான். மென்பொருள் உலகில் அந்த வேலையைச் செய்வது ஹாஷ் எனப்படும் சரிபார்ப்பு எண். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் வேறாகிவிடும் இந்த எண்ணை, உருவாக்கியவர்கள் தங்கள் தளத்தில் வெளியிடுகிறார்கள். அதை ஒப்பிட்டுப் பார்க்கும் கடைக்காரர் மிகச் சிலரே என்பதும் உண்மை.

இனி, கிராக் என்று வழங்கும் உடைக்கப்பட்ட மென்பொருளின் பொதியை அருகில் வைத்துப் பார்க்கலாம். அதற்குள் பெரும்பாலும் ஒரு சிறிய உரைக்கோப்பு இருக்கும். வைரஸ் தடுப்பானை முதலில் நிறுத்துக, இணைய இணைப்பைத் துண்டித்துவிடுக, பின்னர் இந்தக் கோப்பை நிர்வாகியின் உரிமையோடு இயக்குக, எச்சரிக்கை தோன்றினால் பொருட்படுத்த வேண்டாம் என்ற வரிசையில் கட்டளைகள் அதில் காணப்படும். உடைக்கப்பட்ட நிரலைத் தடுப்பான் தவறாகத் தீயது எனக் காட்டுவதும் உண்டு என்பதால் இக்கட்டளைகளுக்கு நேர்மையான விளக்கமும் இருக்கக்கூடும். ஆனால் நேர்மையான விளக்கத்தையும் நேர்மையற்றதையும் வேறுபடுத்த உதவும் ஒரே கருவியைத்தான் அவை கைவிடச் சொல்கின்றன. பெறுபவரின் ஆராயும் வழியைத் திறந்துவைப்பதா, அடைப்பதா என்பதே ஒரு கொடையின் தகுதியை நிறுக்க ஏற்ற அளவுகோல். கட்டற்ற மென்பொருள், அதாவது மேலே கூறிய நான்கு உரிமைகளையும் தரும் மென்பொருள், முதல் வகையைச் சேர்ந்தது. அதன் மூலநிரலைக் கடைக்காரர் தாமே படிக்கப்போவதில்லை என்றாலும், படிக்கத் தெரிந்த பலர் படிப்பதற்குத் தடையில்லை. அவர்களே இங்கு ஆப்தர்கள். ஆப்தத்தன்மை ஒரு தனிமனிதரிடமிருந்து ஒரு சமூகத்துக்கு நகர்கிறது.

இந்த நகர்வுக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. 1984இல் வெளியான டியூரிங் விருது உரையில் கென் தாம்சன், மூலநிரலில் எந்தத் தடயமும் இல்லாமலே, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரலுக்குள் தீங்கை ஒளித்துவைக்க முடியும் என்று காட்டினார். எக்ஸ்இசட் என்னும் கட்டற்ற தரவுச் சுருக்க மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட நிகழ்வு இன்னும் கசப்பானது: ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர், ஈராண்டுக்கும் மேலாகப் பொறுமையோடு நற்பணி செய்து பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பின்னர் அந்த மென்பொருளில் கள்ளவாசல் ஒன்றைப் புகுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். திறந்த முறை ஏமாந்ததும் உண்மை, அதே திறந்த முறையில்தான் ஏமாற்று பிடிபட்டது என்பதும் உண்மை.

திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் இந்த இரட்டை நிலையை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வழிகளில் ஒருவரைச் சோதித்த பிறகே தெளிய வேண்டும் என்று தொடங்கும் அவ்வதிகாரம், ஆராயாமல் நம்புவதையும் நம்பியபின் ஐயுறுவதையும் ஒருசேரத் தீராத துன்பம் எனக் கூறி முடிகிறது. தாம்சனின் உரையைப் படித்துவிட்டு எதையும் நம்புவதற்கில்லை என்று முடிவு கட்டுபவர் இரண்டாவது பிழையைச் செய்கிறார். அவரால் கணினியைத் தொடவே முடியாது. தெளிந்த பிறகும் ஒருவரை அவருக்கு ஏற்ற செயலிலேயே நம்ப வேண்டும் என்ற அறிவுரையும் அங்கே உண்டு. படம் வரையும் மென்பொருள் வங்கிக் கணக்கின் கடவுச்சொல் சேமிக்கப்பட்ட அதே கணினியில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது அதன் இன்றைய பொருள்.

ஆகவே, கொடுப்பவர் யார் என்று சொல்லாத, எதற்காகக் கொடுக்கிறார் என்று விளக்காத, தடுப்பானை நிறுத்தச் சொல்லும் இலவசத்தை ஏற்பதற்கு நியாயமும் சித்தாந்தமும் குறளும் இடம் தரவில்லை. மீமாம்சையும்கூடத் துணைக்கு வராது. பழைய கோரல்டிரா கோப்புகளையும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களையும் வைத்திருக்கும் கடைகளுக்கு மாற்றுவழி எளிதாக இராது என்பதை மறுப்பதற்கில்லை. என்றாலும் ஜிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஸ்கிரைபஸ், பிளெண்டர் ஆகிய ஐந்தும் அவற்றை உருவாக்குபவர்களின் சொந்தத் தளங்களில், உரிமமும் மூலநிரலும் சேர்த்து, விலையின்றிக் கிடைக்கின்றன.