துறைமுகமும் நியாயமான கூலியும்



முன்னாளில் நம் தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்கு எட்டவே நங்கூரமிடும்; சரக்கைத் தோணிகள் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு மூட்டை பல தோள்கள் மாறும், ஒவ்வொரு தோளுக்கும் கூலி உண்டு. (தோணிகள் இன்றும் மாலத்தீவுக்கு ஓடுகின்றன என்பது வேறு விஷயம்.) 1974-ல் இது பெருந்துறைமுகமாயிற்று. இன்று சரக்கு நிறைந்த இரும்புப் பெட்டியைக் கிரேன் சில நிமிஷத்தில் இறக்கிவிடுகிறது. பெட்டிகள் பல கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறித் தூரதேசம் போகின்றன. கப்பல் வாடகையை நிர்ணயிக்கிறவர் எங்கோ இருக்கிறார்.

"சுவாமி, விலை வைப்பவன் அந்நியன், நான் என்ன செய்வேன்? கூலியாளும் சம்மதித்துத்தானே வந்தான்?" என்று வியாபாரிகளும் ஒப்பந்தக்காரரும் கேட்பதுண்டு. பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் எழுதிய நிருபம் இந்தச் சாக்குக்கு இடம் வைக்கவில்லை. வறுமைக்கு அஞ்சிக் குறைந்த கூலிக்கு இசைகிறவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் உள்ளாகிறான் என்பதே அவர் போதனை.

வாடகை உங்கள் வசத்தில் இல்லை, மெய்தான். போட்டியும் கடுமையானது. ஆயினும் உங்கள் கிட்டங்கியில் பெட்டிக்குள் மூட்டை அடுக்குகிறவனின் தினக்கூலியைக் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ எவரும் எழுதுவதில்லை, நீங்கள்தான் எழுதுகிறீர்கள். வருகிற சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு முன், அது அவன் மனைவி மக்களுக்குப் போதுமா என்று அவனையே கேளுங்கள்.