நோட்டைத் திருப்பிக் காட்டுதல்

படம் வரையப் பழகும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வீட்டுப் பொருட்கள் தீர்ந்துவிடும். எவர்சில்வர் டம்ளர், குக்கர், வாசலில் கிடக்கும் செருப்பு, கொடியில் காயும் துண்டு, சார்ஜர் வயர் என எல்லாவற்றையும் நாலு தடவை வரைந்தாகிவிடும். அதற்குப் பிறகு கண் மனிதர்கள் பக்கம் திரும்பும். மனிதர்கள் டம்ளர் மாதிரி அசையாமல் இருக்க மாட்டார்கள் என்பது முதல் சிக்கல். பழகப் பழக அது சரியாகிவிடும். அவர்கள் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது இரண்டாவது சிக்கல். அது பழகப் பழகப் பெரிதாகிக்கொண்டே போகிறது.

நான் ஓவியன் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் கோட் எழுதுகிறேன், மீதி இரண்டு நாள் கோடு போடுகிறேன். பையில் ஒரு ஏ5 நோட்டு, தண்ணீரில் கரையாத மை நிரப்பிய பேனா, 12 கலர் உள்ள சின்ன வாட்டர் கலர் டப்பா. ஊருக்குப் போகும் பஸ்ஸிலும் ரயிலிலும் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என் மாடல்கள். இதில் காசும் வருவதில்லை, பெயரும் வருவதில்லை. ஆனா அதனாலேயே ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. வெறும் என் ஆசைக்காக, ஊர் பேர் தெரியாத ஒருவரை, கேட்காமல் கொள்ளாமல் 20 நிமிஷம் உற்றுப் பார்ப்பது சரியா? பத்திரிகை ஓவியர் என்றால் 'இது என் வேலை' என்று சொல்லலாம். பொழுதுபோக்குக்கு வரைபவனுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

நண்பர்களிடம் கேட்டால் எளிதாகச் சொல்லிவிடுவார்கள்: "போட்டோ எடுத்தாத்தான் தப்பு. வரையறதுல என்ன இருக்கு?" முதலில் கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். செல்போனைத் தூக்கினால் எதிரில் இருப்பவர் முகம் இறுகிவிடும், சேலையைச் சரிசெய்துகொள்வார், அல்லது முறைப்பார். பேனாவைத் திறந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. கணக்கு எழுதுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். போட்டோவில் இருப்பவரை யார் வேண்டுமானாலும் அடையாளம் காணலாம். என் படத்தில் இருப்பவரை அவருடைய அம்மாகூடக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனா கொஞ்சம் யோசித்தால் இந்த வாதம் நொண்டுகிறது. கேமரா நொடியின் நூற்றில் ஒரு பங்கு நேரம் பார்க்கிறது. நான் 20 நிமிஷம் பார்க்கிறேன். அவருடைய கன்னத்து மச்சம், மூன்றாவது பட்டன் இல்லாத சட்டை, வெடித்த குதிகால் எல்லாம் என் கண்ணில் படுகின்றன. ஒரு அந்நியரை இவ்வளவு நேரம் வேறு எதற்காகப் பார்த்தாலும் அதற்குப் பெயர் முறைத்தல். கையில் நோட்டு இருப்பதால் மட்டும் அது வேறு பெயர் வாங்கிவிடுமா? படம் அடையாளம் தெரியாதபடி இருப்பதும் என் ஒழுக்கத்தால் அல்ல, என் திறமைக் குறைவால். திறமை வளர வளரக் கூடிக்கொண்டே போகும் ஒரு குற்றத்தை, இப்போது கை வராததைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாதம் உண்டு. கவனம் என்பதே ஒருவகைக் கொடை என்று சிமோன் வெய்ல் நம்பினார். 1942இல் நண்பர் ஜோயே பூஸ்கேவுக்கு எழுதிய கடிதத்தில், தாராள குணத்தின் தூய வடிவமாகவே அதைச் சொல்கிறார். நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் யாராலும் முழுதாகப் பார்க்கப்படுவதில்லை. பஸ்ஸில் எதிரில் இருக்கும் கட்டிட வேலைக்காரரை அன்று முழுக்க மேஸ்திரி 'ஒரு ஆள்' என்று மட்டும்தான் எண்ணியிருப்பார். அந்த ஆளுக்கு 20 நிமிஷம் கொடுத்து, அவர் தோள் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்ப்பது மரியாதை இல்லையா?

இதை நம்பத்தான் எனக்கும் ஆசை. ஆனா படம் வரையும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களால் இதை அப்படியே ஏற்க முடியாது.

1979இல் பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர், மூளையின் வலது பக்கத்தைக் கொண்டு வரைவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய மூளை விளக்கத்தை இன்று விஞ்ஞானிகள் அவ்வளவாக ஏற்பதில்லை. ஆனா அதில் உள்ள ஒரு பயிற்சி நிஜமாகவே வேலை செய்யும். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பிகாசோ கோடுகளால் வரைந்த படத்தைத் தலைகீழாக வைத்துவிட்டுப் பார்த்து வரையச் சொல்வார். தலைகீழாக இருப்பதால் இது மூக்கு, இது விரல் என்று நமக்குத் தோன்றாது. இந்தக் கோடு இங்கே வளைகிறது, அந்த இடைவெளி இவ்வளவு அகலம் என்று மட்டுமே தெரியும். முடித்துவிட்டு நேராகத் திருப்பினால், நாமா வரைந்தோம் என்று ஆச்சரியமாக இருக்கும்.

அந்தப் பயிற்சி சொல்லும் சேதி கொஞ்சம் கசப்பானது. நன்றாக வரைய வேண்டும் என்றால், எதிரில் இருப்பது மனிதர் என்பதை மறக்க வேண்டும். கண்ணைக் கண் என்று நினைத்தால் கை பாதாம்பருப்பு வடிவத்தைப் போட்டுவிடும். கண்ணை ஒரு கருப்புத் திட்டு, பக்கத்தில் ஒரு சாம்பல் திட்டு என்று பார்த்தால்தான் அது கண்ணாக வரும். அதாவது, நாம் 'முழுக் கவனம்' என்று பெருமைப்படும் அந்த நேரத்தில்தான் அந்த மனிதர் நமக்கு நிழலும் வெளிச்சமுமாகக் கரைந்துபோயிருக்கிறார்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மோனேதான் சாட்சி. 1879 செப்டம்பரில் அவருடைய மனைவி கமீய் 32 வயதில் இறந்தார். மரணப் படுக்கையில் இருந்த அந்த முகத்தை மோனே வரைந்தார். அந்த ஓவியம் இன்று பாரிஸ் ஓர்சே மியூசியத்தில் இருக்கிறது. பல வருஷங்களுக்குப் பிறகு, பிரான்ஸின் பிரதமராக இருந்த நண்பர் கிளெமென்சோவிடம் அவர் அதைப் பற்றிப் பேசினார். தனக்கு அவ்வளவு பிரியமான முகத்தில் சாவு கொண்டுவந்து சேர்த்த நீலம், மஞ்சள், சாம்பல் நிறங்கள் எந்த வரிசையில் மாறுகின்றன என்று தன் கண் தானாகவே கணக்கெடுத்துக்கொண்டிருந்ததை உணர்ந்தாராம். செக்கு மாடு மாதிரி கண் அதன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மனைவியை நேசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனா அந்த நிமிஷத்தில் அவர் கொடுத்த கவனம் கொடையா, களவா?

கவனம் மட்டும் போதாது என்பதற்கு இது ஒன்றே போதும். கவனத்தால் நேசிக்கவும் முடியும், உரித்தெடுக்கவும் முடியும். இரண்டிலும் கண் ஒரே வேலையைத்தான் செய்கிறது. அப்படியானால் வித்தியாசம் வேறு எங்கோ இருக்க வேண்டும்.

எங்கே என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது ஒரு தர்மபுரி பஸ்ஸில். எதிர் சீட்டில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. இரண்டு காதிலும் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி. பாதி வரைந்திருப்பேன், பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி எழுதறே?"

"எழுதலம்மா. வரையறேன்."

"யாரை?"

"உங்களைத்தான்."

"குடு பாப்போம்."

நோட்டைத் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். மூக்கைப் பற்றியோ சுருக்கங்களைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "காது மூளியா இருக்கே. தோடு போட்டு வரை" என்றார்.

"இப்ப நீங்க தோடு போட்டிருக்கலையேம்மா."

"அடகுல கெடக்கு. அதுக்குன்னு எனக்குத் தோடே இல்லேன்னு ஆயிடுமா?"

நடுவில் ஒரு சிவப்புக் கல், சுற்றி ஆறு என்று விளக்கமும் சொன்னார். சொன்னபடி ஏழு கல் வைத்து வரைந்தேன். இறங்கும்போது அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மடிக்காமல் சுருக்குப்பைக்குள் நுழையாது என்பதால் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' வழியைப் பின்பற்றுபவன். 2007இல் சியாட்டிலில் இருந்த காப்ரியேல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் இணையத்தில் ஆரம்பித்து, இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் கூட்டம் அது. இடத்திலேயே உட்கார்ந்து வரைய வேண்டும், கண்ணால் கண்டதற்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பவை அவர்களுடைய கொள்கைகளில் முக்கியமானவை. "வேப்பங்குச்சிதான்டா உண்மை. அதுலதான் ஒரு வாழ்க்கையே இருக்கு. நீ தோடு போட்டு அதை அழிச்சுட்ட" என்றான்.

அவன் சொல்வதில் சாரம் இருக்கிறது. வேப்பங்குச்சி நல்ல 'டீட்டெயில்'. அதைப் பார்ப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், லைக் போடுவார்கள். ஆனா அது யாருடைய உண்மை? அன்றைய தேதியில் அந்தக் காதில் குச்சி இருந்தது என்பது ஒரு தகவல். தனக்குத் தோடு உண்டு, அது திரும்பி வரும் என்பது அந்த அம்மா தன்னைப் பற்றி வைத்திருக்கும் அறிவு. என்னுடைய 20 நிமிஷப் பார்வை அவருடைய அறுபது வருஷத்தை விட அதிகம் தெரிந்தது என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? அவருடைய முகத்தைப் பற்றிப் பேச அவருக்கும் ஒரு வாக்கு உண்டு என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

எங்கள் தொழிலில் சம்மதம் என்றால் ஒரு பட்டன். 'அனுமதிக்கிறேன்' என்று ஒருமுறை தட்டினால் முடிந்தது. எதற்கு அனுமதித்தோம் என்று யாருக்கும் தெரியாது. படத்துக்கும் அந்த மாதிரி ஒரு சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்டுவிட்டு வரைந்தால் அந்த மனிதர் விறைத்துப்போய், போஸ் கொடுப்பார் என்பது ஒருபக்கம். அதை விட முக்கியம், அவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. படம் இன்னும் பிறக்கவில்லையே. வரைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவரால் பதில் சொல்ல முடியும்: "நல்லா இருக்கு", "இது நான் இல்லை", "கிழிச்சுப் போடு", "தோடு போடு."

ஆகவே என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். 'கேட்காமல் வரையலாமா' என்பதை விட, 'வரைந்ததை இவரிடம் திருப்பிக் காட்ட எனக்கு முடியுமா' என்பதுதான் சரியான கேள்வி. காட்ட வெட்கமாக இருந்தால் அந்தப் பார்வையில் ஏதோ இருக்கிறது. குண்டாக இருப்பவரைக் கேலிச்சித்திரமாக்கினால் காட்ட முடியாது. ஒரு பெண்ணின் முதுகை நான் எதற்காகப் பார்த்தேன் என்பது, நோட்டைத் திருப்பலாமா என்று நினைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். வறுமைக்காகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். நிழலாகவும் வெளிச்சமாகவும் கரைத்த முகத்தை மறுபடி ஒரு ஆளாக எதிரில் நிறுத்துவது அந்தத் திருப்பல்தான். மோனேயின் கண் செய்ததை நம் கண்ணும் செய்யத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. அதோடு நிறுத்தாமல் இருக்க முடியும்.

ஆனா எல்லோரிடமும் திருப்பிக் காட்ட முடியாதே. தூங்குகிறவர், நினைவு தப்பியவர், இறந்தவர்? கமீயிடம் மோனே எதைக் காட்டியிருக்க முடியும்?

1943இல் வங்கப் பஞ்சத்தின்போது சித்தபிரசாத் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, பசியில் கிடந்தவர்களைக் கருப்பு மையில் வரைந்தார். படங்களையும் குறிப்புகளையும் சேர்த்து 'ஹங்ரி பெங்கால்' என்ற சிறு புத்தகமாகக் கொண்டுவந்தபோது, பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. அந்தப் படங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. பலரை அவர் 'பசித்த மனிதன்' என்று விட்டுவிடவில்லை. பெயரையும் ஊரையும் விசாரித்து எழுதினார். செத்துக்கொண்டிருப்பவரிடம் நோட்டைத் திருப்பிக் காட்டி ஒப்புதல் கேட்க நேரமில்லை. பெயர் எழுதுவது அதற்கு ஈடாக அவரால் செய்ய முடிந்தது. யாராவது ஒருநாள் அந்தப் பெயரைத் தேடி வந்து, 'இது என் தாத்தா, இவர் இப்படித்தான் இருந்தார்' என்றோ 'இப்படி இல்லை' என்றோ சொல்ல அது ஒரு கதவைத் திறந்து வைக்கிறது.

வீட்டில் எனக்கும் இது ஒருமுறை வந்தது. அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். இரவுத் துணைக்கு நான். கையில் ஊசி செருகி பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அந்தக் கையை மட்டும் வரைந்தேன். காலையில் வந்த அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, "அவர் இப்படிக் கெடக்கறப்ப உனக்கு இதுதான் தோணுதா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு உரியவர் கட்டிலில் இருந்தார். நாலு நாள் கழித்து அப்பா எழுந்து உட்கார்ந்ததும் பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எங்கப்பா கை மாதிரியே இருக்கு" என்றார். பிறகு அம்மாவிடம், "இங்க பாரு, இந்த விரல் மடங்கறது அப்படியே அவருதான்" என்று காட்டினார். அந்தக் கையை ராத்திரி முழுக்கப் பார்த்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. தாத்தாவை நான் பார்த்ததில்லை.

அப்பா எழுந்திருக்காமல் போயிருந்தால்? அந்தப் பக்கம் யாருக்கும் காட்டாத பக்கமாக நோட்டில் இருந்திருக்கும். அதை நான் கிழித்திருப்பேனா, வைத்திருப்பேனா, தெரியவில்லை. அம்மாவின் கோபம் தப்பு என்றும் நான் நினைக்கவில்லை. பதில் சொல்ல முடியாத ஒருவர் சார்பில் யாராவது கேட்டே ஆக வேண்டும், அன்று அவள் கேட்டாள்.

இணையத்தில் பதிவேற்றுவது பற்றியும் இதே அளவுகோல்தான் என்னிடம் இருக்கிறது. ஆயிரம் பேரிடம் காட்டிவிட்டு, வரையப்பட்ட அந்த ஒருவரிடம் மட்டும் காட்டாத படம் எதுவோ, அதில் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. சில படங்களை அந்தக் காரணத்தால் நான் போடுவதில்லை. தொழில்முறை ஓவியருக்குக் கெடு இருக்கும், வாடகை இருக்கும். வரைந்ததை வெளியிட்டுத்தான் ஆக வேண்டும். நம்மை மாதிரி ஆட்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. படத்தைப் பாதியில் நிறுத்தலாம், கொடுத்துவிடலாம், மூடி வைக்கலாம். பொழுதுபோக்குக்கு வரைபவனுக்குச் சாக்குகள் குறைவு என்று ஆரம்பத்தில் சொன்னேன். அவனுக்கு வசதிகள் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தூங்குகிறவர்களை வரைவதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. ரயிலில் வாயைப் பிளந்து தூங்குபவர்தான் மிகச் சிறந்த மாடல், அசையவே மாட்டார். இப்போதைக்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது: அவர் எழும் வரைக்கும் நோட்டை மூடுவதில்லை. எழுந்து, என்ன என்று பார்த்தால் காட்டுவேன். பார்க்காமல் இறங்கிப் போய்விட்டால், அந்தப் பக்கத்தின் கீழே ஸ்டேஷன் பெயரையும் தேதியையும் எழுதி வைக்கிறேன்.