முயற்சியும் இறைநம்பிக்கையும்

பெங்களூரு பொம்மசந்திராவிலுள்ள நாராயண ஹிருதயாலயாவில், அறுவை அரங்கினுள் மருத்துவரின் கைகள் உழைக்கின்றன; வெளியே உறவினரின் கைகள் குவிகின்றன. உயிரைக் காப்பது முயற்சியா, இறைநம்பிக்கையா?

யூத சமயம் இரண்டையும் பிரிப்பதில்லை. முயற்சியை 'ஹிஷ்தத்லுத்' என்றும், இறைவன்மீது கொள்ளும் உறுதியை 'பித்தாஹோன்' என்றும் அது கூறும். பாலைவனத்தில் இஸ்ரவேலருக்கு 'மன்னா' என்னும் உணவை இறைவன் பொழிந்தான். ஆயினும் காலைதோறும் அவர்களே சென்று சேகரிக்க வேண்டியிருந்தது. நாளைக்கென்று பதுக்கியதோ புழுத்துப்போயிற்று. சேகரிப்பது கடமை, பதுக்குவது அவநம்பிக்கை.

1204-இல் மறைந்த யூத ஞானி மைமோனிடிஸ் தாமே மருத்துவர். பசித்தவன் உண்பது இறைநம்பிக்கைக்கு மாறாகாதது போல, நோயுற்றவன் மருந்து உண்பதும் மாறாகாது என்பது அவர் கருத்து.

முயன்றும் உயிர் பிரிந்தால்? செய்ய வேண்டியதைச் செய்தோம் என்ற நிறைவு குற்றவுணர்விலிருந்து காக்கும். பலன் இறைவன் கையில் என்ற தெளிவு துயரைத் தாங்கும் வலிமை தரும்.